ஆணியில் தொங்கும் அட்டைகள்: ஒரு சட்டக் கந்தோரில் பதினொரு மாத வேலை

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, உள்ளறைப் பலகையில் தொங்கிய, காலக்கெடு உள்ள வேலைகளுக்கான சிவப்பு அட்டைகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. ஒவ்வொன்றிலும் திகதியும் இரண்டு பேருடைய சுருக்கொப்பமும் இருந்தன. ஒன்றுகூடப் பிந்தவில்லை. பதினொரு மாதத்துக்கு முன்னர் இதே அறையில் ஒரு மேன்முறையீடு கைநழுவப் பார்த்தது. கந்தோர் வேலைகளைப் பலகைக்கும், தெரிந்ததைத் தாளுக்கும் கொண்டுவர அன்று தொடங்கிய வேலை இப்போதுதான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. எங்களைப்போல நாலைந்து பேர் மட்டும் இருக்கிற கந்தோர்களுக்கு உதவும் என்று நினைத்து, செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். பிழைத்துப்போனதையும் விடாமல் எழுதுகிறேன்.

எங்கள் கந்தோர் கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. சேர்தான் மூத்த சட்டத்தரணி, உறுதி எழுதும் நொத்தாரிசும் அவர்தான். அவருக்குக் கீழே நான். இருபத்தெட்டு வருடமாகக் கிளாக்கராக இருக்கிற அண்ணை, தட்டச்சு செய்யும் தங்கச்சி, சட்டம் படித்துக்கொண்டு பழக வருகிற தம்பி, அவ்வளவுதான். பாதிக்கு மேல் காணி வழக்குகள். மல்லாவி, பூநகரி, தருமபுரம், விசுவமடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் முதல் பஸ்ஸில் ஏறி வருகிற சனம்.

அந்த மேன்முறையீட்டின் கதை இது. மாவட்ட நீதிமன்றத்தில் எங்கள் கட்சிக்காரருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இந்தப் 14 நாளைக் கணக்கிடும்போது தீர்ப்பு நாள், தாக்கல் செய்யும் நாள், ஞாயிற்றுக்கிழமை, பொது விடுமுறை ஆகியவற்றைக் கழிக்கலாம். அதைச் சரியாகச் செய்துவிட்டோம். ஆனால் மேன்முறையீட்டு மனுவுக்கு உரிய 60 நாள் அப்படி இல்லை. தீர்ப்புத் திகதியிலிருந்து ஞாயிறும் போயாவும் சேர்த்து நேராக எண்ண வேண்டும். எங்கள் நாட்குறிப்பில் அதற்கும் ஞாயிறுகளைக் கழித்துத் திகதி போட்டிருந்தது. உண்மையான கடைசி நாளுக்குப் பத்து நாள் பின்னால்! வேறு ஒரு வழக்கின் திகதியைத் தேடப் போய் 56ஆம் நாள்தான் அது என் கண்ணில் பட்டது. மூன்று இரவு இருந்து எழுதி 59ஆம் நாள் தாக்கல் செய்தோம்.

அந்தத் திகதியை யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. அண்ணை அந்த மாதம் காய்ச்சலில் விழுந்து மூன்று கிழமை வரவில்லை. அவர் இல்லாத அந்த மூன்று கிழமையில், எந்தக் காணி உறுதி எந்த அலுமாரியில் இருக்கிறது, எந்தப் பதிவகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும், யார் எதைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கந்தோரே அவருடைய தலைக்குள்தான் இருந்திருக்கிறது.

கொழும்பில் மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிற என் மச்சாளிடம் இதைச் சொல்லி அழுதபோது, அவதான் முதலில் 'அஜைல்' என்ற சொல்லைச் சொன்னா. 2001ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள்காரர் கூடி எழுதிய ஒரு சிறிய அறிக்கையிலிருந்து அந்தப் பெயர் பரவியதாம். வேலையைச் சின்னத் துண்டுகளாக வெட்டு, எல்லார் கண்ணுக்கும் தெரியவை, அடிக்கடி கூடிப் பார், தேவைப்பட்டால் மாற்று. நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். வேலைகளை அட்டையில் எழுதிக் கண்முன் வைத்து நகர்த்துகிற 'கன்பான்' முறை அதற்கும் பழையது, ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் வந்தது. கொள்கையை இதோடு விடுகிறேன், எனக்கு வேண்டியிருந்தது ஒரு பலகை.

முதலில் பலகை வாங்கவில்லை. ஐப்பசியில் கைபேசியில் ஓர் இலவசச் செயலியை இறக்கி ஐந்து பேரையும் சேர்த்தேன். ஒரு சனி, ஞாயிறு முழுக்க இருந்து 60க்கு மேற்பட்ட வழக்குகளை அதில் ஏற்றினேன். இரண்டாம் கிழமையே அதை நான் மட்டும்தான் திறக்கிறேன் என்று தெரிந்தது. நீதிமன்றத்துக்குள் கைபேசியை எடுக்க முடியாது. சேருக்குச் சின்ன எழுத்து தெரியாது. அண்ணையிடம் இருப்பது பொத்தான் கைபேசி. செயலியில் பிழை இல்லை. எங்கள் வேலை நடக்கிற இடத்தில் அது இருக்கவில்லை.

பிறகு ஒட்டுத்தாள். மஞ்சள், பச்சை, றோஸ் நிறத்தில் ஆறு கட்டு வாங்கினேன், 1,650 ரூபா. கட்சிக்காரர் உட்காருகிற முன்னறைச் சுவரில், மென்பொருள்காரர் செய்வதுபோலவே 'செய்ய வேண்டியது', 'செய்கிறோம்', 'முடிந்தது' என்று மூன்று தலைப்புப் போட்டு ஒட்டினேன். அது கார்த்திகை மாதம். மாரி மழையில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் ஊறி இருந்தது. காலையில் கதவைத் திறந்தால் பாதித் தாள் நிலத்தில் கிடக்கும். எந்தத் தாள் எந்தத் தலைப்பின் கீழ் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் ஒட்டுத்தாளை நான் கைவிட்டதற்குக் காரணம் ஈரம் அல்ல. ஒருநாள் முன்னறையில் காத்திருந்த ஒரு வயதான அம்மா சுவரைப் பார்த்துவிட்டு, "இவை எங்கட ஊர்ப் பிள்ளையள் எல்லோ, இவைக்கும் வழக்கோ?" என்று என்னிடம் கேட்டா. நான் கட்சிக்காரரின் பெயர்களை எழுதி வைத்திருந்தேன். வன்னியில் ஒரு பெயரும் ஒரு ஊரும் தெரிந்தால் போதும், மிச்சத்தைச் சனம் தானே கோர்த்துவிடும். கட்சிக்காரர் சட்டத்தரணியிடம் சொல்வதைச் சான்றுக் கட்டளைச் சட்டம் 126ஆம் பிரிவில் பாதுகாத்து வைத்திருக்கிறது. அதை நான் றோஸ் நிறத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றினேன். இதைச் செய்ய நினைக்கிறவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது பலகை எந்த அறையில், யார் கண்ணுக்குப் படும் இடத்தில் இருக்கப்போகிறது என்பதைத்தான். எங்களுடையது இப்போது உள்ளறையில், கதவைத் திறந்தாலும் தெரியாத பக்கச் சுவரில் இருக்கிறது. அட்டையில் கோப்பு இலக்கம் மட்டும்தான், பெயர் இல்லை.

தை பிறந்த பிறகு உருப்படியாகத் தொடங்கினேன். 8 அடிக்கு 4 அடி பிளைவுட், 6 மில்லிமீற்றர் தடிப்பு, 5,400 ரூபா. பின்னால் அடிக்கச் சட்டப்பலகை 1,200. ஒன்றரை அங்குல ஆணி கால் கிலோ 180. தச்சுவேலையை என் சொந்தத் தம்பி செய்து தந்தான். 96 அங்குல அகலத்தை ஆறாகப் பிரித்தால் ஒரு நிரலுக்கு 16 அங்குலம். மேலே 6 அங்குலம் தலைப்புக்கு விட்டோம். அட்டை 4 அங்குல அகலம், 3 அங்குல உயரம். ஒரு வரிசைக்கு மூன்று அட்டை, மூன்றரை அங்குலத்துக்கு ஒரு வரிசை என்று பென்சிலால் கோடு போட்டு ஆணி அடித்தோம். ஆணியைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டும். நேராக அடித்த முதல் இரண்டு வரிசையிலிருந்தும் மின்விசிறி போட்டவுடன் அட்டைகள் வழுக்கி விழுந்தன, பிடுங்கித் திரும்ப அடித்தோம். சோளகம் வீசுகிற வைகாசி, ஆனி மாதங்களில் யன்னலைத் திறந்து வைத்தும் ஒன்றும் விழவில்லை.

அட்டைக்குப் பிறிஸ்டல் போட் வாங்கினேன், ஒன்று 90 ரூபாப்படி பத்து. ஒரு போட்டில் 49 அட்டை வெட்டலாம். ஈரம் இன்னும் வற்றாத தையில் அவை சுருண்டு வெற்றிலைபோல ஆகிவிட்டன. அந்த 900 ரூபாவும் வீண். தட்டச்சுத் தங்கச்சிதான், "பழைய பைல் கவர் ஒரு பெட்டி நிறையக் கிடக்குது, அதை வெட்டுவமே" என்றா. தடித்த மட்டை, செலவில்லை, இன்றுவரை அதுதான். காலக்கெடு உள்ளவற்றுக்கு மட்டும் சிவப்பு மட்டை வாங்குகிறோம்.

இனி நிரல்கள். இதில்தான் அதிக நாள் போனது.

'செய்ய வேண்டியது', 'செய்கிறோம்', 'முடிந்தது' என்ற மூன்றையும் முதலில் அப்படியே பலகைக்குக் கொண்டுவந்தேன். ஒரு வழக்குக்கு ஒரு அட்டை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லா அட்டையும் நடுவில் நின்றது. நகரவே இல்லை. ஒரு காணிப் பங்கீட்டு வழக்கு பத்து வருடம் போகும். அதை ஓர் அட்டையில் எழுதினால் அது பத்து வருடமும் 'செய்கிறோம்' என்பதன் கீழேதான் தொங்கும். பலகையைப் பார்த்து யாரும் எதையும் அறிய முடியாது.

ஒருநாள் அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் கனநேரம் நின்றார். பிறகு சொன்னார்: "பிள்ளை, வழக்கு எங்க நிக்குதெண்டு எனக்குத் தெரியும். அடுத்ததா ஆர் என்ன செய்யோணும், அது ஆரிட்டக் கிடக்குது, அதைத்தான் நான் காலமை எழும்பின உடன யோசிக்கிறனான்."

அந்த ஒரு வசனத்தில்தான் பலகை சரிவந்தது. அன்றிலிருந்து அட்டையில் வழக்கை எழுதுவதில்லை, அடுத்த அடியை மட்டும் எழுதுகிறோம். 'மறுமொழி வரைவு', 'நில அளவையாளரிடம் வரைபடம் எடுத்தல்', 'காணி அனுமதிப்பத்திரப் பிரதிக்குப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம்' என்று. அந்த அடி முடிந்தால் அட்டை இறங்கும், அடுத்த அடிக்குப் புது அட்டை ஏறும். நிரல்களும் அந்த வேலை யாரிடம் கிடக்கிறது என்பதைச் சொல்பவையாக மாறின: வந்தது, கட்சிக்காரரிடம், எழுதுகிறோம், சேர் பார்க்க, வெளியில், இறக்கலாம். 'வெளியில்' என்றால் நீதிமன்றம், காணிப் பதிவகம், பிரதேச செயலகம், நில அளவையாளர் எல்லாம்.

மாற்றிய அன்று எண்ணினோம். மொத்தம் 71 அட்டை. 'கட்சிக்காரரிடம்' 29. 'வெளியில்' 22. 'சேர் பார்க்க' 11. நாங்கள் உண்மையில் எழுதிக்கொண்டிருந்தது நாலு மட்டும். மிச்சம் ஐந்தும் வந்து தொடாமல் கிடந்தவை. நாங்கள் எல்லாரும் இராப்பகலாக வேலை செய்கிறோம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தோம்.

சேர் அந்தப் பதினொன்றையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் தொடக்கம் பின்னேரம் ஆறிலிருந்து ஏழு வரை வேறு யாரையும் சந்திக்காமல் வரைவு மட்டும் பார்க்கத் தொடங்கினார். அவரே அந்த நிரலில் ஐந்து ஆணியை மட்டும் விட்டு மிச்சத்தைப் பிடுங்கச் சொன்னார். ஆணி இல்லாவிட்டால் அட்டை தொங்க இடமில்லை, முதலில் ஒன்றைப் பார்த்து முடிக்க வேண்டும். எழுதுகிறவர்களுக்கும் அதே முறைதான். சேர், நான், தம்பி மூன்று பேருக்கும் ஆளுக்கு மூன்று ஆணி. ஒரே நேரத்தில் கையில் எடுக்கும் வேலைக்கு எல்லை வைப்பது கன்பானில் முக்கியமான சங்கதி என்று மச்சாள் சொன்னபோது எனக்கு ஏறவில்லை. ஆணியைப் பிடுங்கியபோதுதான் விளங்கியது.

அந்த 29தான் என்னை அதிகம் வருத்தியது. ஒவ்வொன்றையும் எடுத்து ஏன் நிற்கிறது என்று பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே காரணம். எந்தப் பத்திரம் வேண்டும் என்று நாங்கள் வாயால் சொன்னோம், அவர்கள் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள், திருப்பி அனுப்பினோம். இடம்பெயர்வில் உறுதியும் அனுமதிப்பத்திரமும் தொலைந்த குடும்பங்கள் இவை. ஒரு பிரதி எடுப்பதற்கே ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வர வேண்டும். மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா இதே காரணத்துக்காக மூன்று தரம் வந்து போயிருக்கிறா. அதனால் வழக்கு வகைக்கு ஒன்றாக அரைத்தாள் படிவம் அடித்தோம். எந்தப் பத்திரம், எந்தக் கந்தோரில் எடுப்பது, மூலமா பிரதியா, பெரிய எழுத்தில். போகும்போது சரி அடையாளம் போட்டுக் கையில் கொடுக்கிறோம். ஆடி முடிவில் அந்த நிரலில் 12 அட்டைதான் இருந்தது.

இரண்டு கிழமைக்கு ஒரு திட்டம் போட்டு, அதற்குள் இன்னின்னது முடிப்போம் என்று பிடிக்கிற 'ஸ்பிரிண்ட்' முறையையும் பங்குனியில் முயன்றோம். எங்களுக்குச் சரிவரவில்லை. எங்கள் நாட்காட்டியை ஓட்டுவது நீதிமன்றத் தவணை. இன்று வழக்கு விளக்கம் (விசாரணை) என்று ஆயத்தமாகிப் போனால் இரண்டு மாதம் தள்ளிப்போகும், நினையாத நேரம் ஒரு கட்டளை வரும். ஒரு தரம் செய்து பார்த்துவிட்டு விட்டோம்.

பத்து நிமிடம் நின்றபடி கூடுவது மட்டும் நிலைத்தது. முதலில் காலை எட்டு மணிக்கு வைத்தோம். ஆனால் ஏழரைக்கே முன்னறை நிறைந்துவிடும். தூரத்திலிருந்து வந்தவர்களைக் காக்க வைத்துக்கொண்டு நாங்கள் உள்ளே நின்று கதைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது பின்னேரம் நாலரை. நீதிமன்றத்தில் அன்று நடந்தது எல்லார் மனதிலும் சூடாக இருக்கிற நேரம் அது. ஆளுக்கு மூன்றே கேள்வி: இன்று எந்த அட்டை நகர்ந்தது, எது நகரவில்லை, நாளைக்கு எதை எடுக்கிறாய்.

சிவப்பு அட்டைக்குத் தனி விதி. அதில் தீர்ப்புத் திகதி, கடைசித் திகதி, எப்படி எண்ணியது என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஒருவர் எண்ணி ஒப்பமிட, இன்னொருவர் முதல் ஆளின் கணக்கைப் பார்க்காமல் தானே எண்ணி ஒப்பமிட வேண்டும். அறிவித்தலுக்கு ஒன்று, மனுவுக்கு ஒன்று என்று மேன்முறையீட்டுக்கு எப்போதும் இரண்டு அட்டை. நொத்தாரிசு வேலைக்கும் ஒரு நிரந்தரச் சிவப்பு அட்டை உண்டு. ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகள் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அது ஒருபோதும் இறங்காது, மாதம் மட்டும் மாறும்.

சித்திரை நீதிமன்ற விடுமுறையில் இரண்டாவது வேலையைத் தொடங்கினோம். அதுதான் தெரிந்ததை எழுதி வைப்பது.

கணினியில் பதினாலு வருட வரைவுகள் இருந்தன. தேடினால் ஒன்றும் அகப்படாது. பாதிக்கு மேல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை (கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து), மிச்சம் யூனிகோட். யூனிகோட்டில் 'ஆட்சி' என்று அடித்துத் தேடினால் பாமினிக் கோப்பு ஒன்றும் வராது. கோப்புப் பெயர்களும் 'புதிது', 'புதிது2', 'கடைசி', 'கடைசி சரியானது' என்று இருந்தன. எல்லாவற்றையும் யூனிகோட்டுக்கு மாற்றத் தொடங்கியது என் பிழை. நாலு நாளில் நானும் தங்கச்சியும் 130 கோப்பு மாற்றினோம். பாமினிக் கோப்புக்குள் ஆங்கிலத்தில் இருந்த வரைபட இலக்கங்களும் பெயர்களும் மாற்றியில் போட்டவுடன் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகிவிட்டன. ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டு வேறு மாதிரி யோசித்தோம். இனி ஒரு பழைய வரைவு தேவைப்படும்போது மட்டும் அதை மாற்றுவது, மாற்றியதை மாதிரிக் கோப்புறைக்குள் போடுவது. நாலு மாதத்தில் அப்படி வந்து சேர்ந்தவை 46தான். ஆனால் எங்களுக்குத் தேவையானவை கிட்டத்தட்ட அவைதான் என்று இப்போது தெரிகிறது.

மாதிரி வைத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. வைகாசியில் ஒரு கத்தோலிக்கக் கட்சிக்காரரின் சத்தியக்கடதாசி, 'இந்து சமயத்தவராகிய நான் பயபக்தியுடனும் உண்மையாகவும் உறுதி கூறுவதாவது' என்று தொடங்கி அச்சாகி வந்தது. பழையதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறோம். கிறிஸ்தவர் வழக்கமாகச் சத்தியம் செய்வார்கள், இந்துக்கள் உறுதி கூறுவார்கள். தொடக்கமும் முடிவும் இரண்டும் மாற வேண்டும். ஒப்பமிடும் நேரம் சேர் கண்டார். அதற்குப் பிறகு மாதிரிகளில் ஆளுக்கு ஆள் மாறும் இடம் எதிலும் பழைய சொல் இருக்காது, மஞ்சள் பின்னணியில் வெற்றுக் கோடுதான் இருக்கும். மஞ்சள் மிஞ்சினால் அச்சுக்குப் போகக்கூடாது.

அதைவிடப் பெரியது சட்டம் மாறுவது. எங்கள் அலுமாரியில் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் எழுதிய நல்ல வரைவு ஒன்று இருந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரை யுத்தத்தால் தங்கள் காணிக்குப் போய் உரிமை கேட்க முடியாமல் இருந்தவர்களுக்காக வந்த சட்டம். இடம்பெயர்ந்தவரின் காணியில் வேறொருவர் இருந்த காலத்தை, பத்து வருடம் ஆண்டவர் உரிமை கோரலாம் என்ற ஆட்சிக் கணக்கில் சேர்க்காமல் காப்பாற்றுவதற்கு வந்தது. ஆனால் அது இரண்டு வருடம் மட்டும் நடைமுறையில் இருக்கும் என்ற எல்லையோடு வந்த சட்டம். தம்பி அந்த வரைவைப் பார்த்துவிட்டு அதே மாதிரி ஒன்று எழுதத் தொடங்கியிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தாளில் எங்கும் திகதி இல்லை. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிக்கும் இதே கதை. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரை நியமிக்காமல் ஒருவர் இறந்தால் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை என்று பழைய குறிப்பு ஒன்று சொல்லியது. 2022இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தைத் திருத்தி ஆண், பெண் வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய தாளை நம்பி மூத்த மகள் ஒருத்தியை 'உனக்கு இல்லையம்மா' என்று திருப்பி அனுப்பியிருந்தால்? அதை நினைத்தே அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இப்போது ஒவ்வொரு மாதிரியின் தலையிலும் 'கடைசியாகச் சரிபார்த்த திகதி' உண்டு. ஒரு வருடம் தாண்டியதைத் திரும்பச் சரிபார்க்காமல் எடுக்கக்கூடாது.

இவை எழுத்தில் இருந்தவை. அண்ணையின் தலைக்குள் இருந்ததை எப்படி எடுப்பது?

ஒரு கொப்பியை வாங்கி அவரிடம் கொடுத்து, "அண்ணை, தெரிஞ்சதை எல்லாம் இதில எழுதுங்கோ" என்றேன். ஒரு மாதம் கொப்பி மேசையில் வெறுமையாகக் கிடந்தது. கடைசியில் கேட்டேவிட்டேன். "உதெல்லாம் எழுதி வைச்சிட்டா, பிறகு நான் இஞ்ச என்னத்துக்குப் பிள்ளை?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடமாக, இடம்பெயர்ந்த இடங்களுக்கெல்லாம் கட்சிக்காரரின் உறுதிகளை உரப்பைக்குள் சுற்றிக் கொண்டு திரிந்தவர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வேலைமுறை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒருவரின் அறிவு அவருடைய சோறு. அதைக் கேட்கிறவர் அதற்குப் பதில் எதைக் கொடுக்கிறோம் என்றும் சொல்ல வேண்டும்.

சேரிடம் போய்க் கதைத்தேன். மாதம் 5,000 ரூபா சம்பளம் கூட்டி, இனி இது அவருடைய வேலையில் ஒரு பகுதி என்று அவரே அண்ணையைக் கூப்பிட்டுச் சொன்னார். எழுதும் வேலை அண்ணைக்கு இல்லை. சனிக்கிழமை காலை ஒரு மணித்தியாலம் தேத்தண்ணியோடு இருந்து அவர் சொல்வார், தம்பி எழுதுவான். பொதுவாக 'தெரிந்ததைச் சொல்லுங்கோ' என்று கேட்பதில்லை. அந்தக் கிழமை 'இறக்கலாம்' நிரலுக்கு வந்த அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எது திரும்பி வந்தது, ஏன் வந்தது, எந்த மேசையில் என்ன கேட்டார்கள், எந்த மாதிரியை எடுத்தோம் என்று கேட்போம். அரைத்தாளுக்கு மேல் எழுதுவதில்லை. அந்த அரைத்தாள் எழுதாமல் அட்டையை ஆணியிலிருந்து இறக்கக்கூடாது. தாளின் மேல் மூலையில் 'சொன்னவர்' என்று அண்ணையின் பெயர் இருக்கும். அந்த ஒரு வரிக்கு எவ்வளவு பெறுமதி என்று நான் முதலில் நினைக்கவில்லை. மூன்றாம் சனிக்கிழமை, "தம்பி, போன கிழமை நான் சொன்னதில ஒண்டு பிழை, அதைத் திருத்து" என்று அவரே தாளைத் தேடி எடுத்தார்.

தாள்கள் பதினாலு பொக்ஸ் பைலில் இருக்கின்றன, வழக்கு வகைக்கு ஒன்று. ஒன்று 480 ரூபா, மொத்தம் 6,720. கீழ்த்தட்டில் வைக்கவில்லை. முன்பு ஒருமுறை கறையான் கீழ்த்தட்டுக் கட்டு ஒன்றை உள்ளிருந்து அரித்துவிட்டது, வெளியே நாடா கட்டியபடி நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தாளையும் கைபேசியால் படம் எடுத்துக் கணினியிலும் போடுகிறோம். வெள்ளிக்கிழமைகளில் வன்தட்டில் ஒரு பிரதி, இரண்டு பென்டிரைவில் மாறி மாறி ஒரு பிரதி. ஒரு பென்டிரைவ் எப்போதும் சேர் வீட்டில் இருக்கும். வன்தட்டு 18,500, பென்டிரைவ் இரண்டும் 3,800. ஒட்டுத்தாளும் பிறிஸ்டல் போட்டும் சேர்த்து மொத்தச் செலவு 38,350 ரூபா. அதில் வீணானது 2,550.

திரும்பத் தொடங்குவதானால் பலகைக்கு முன்னரே அண்ணை சொல்வதை எழுதும் அரைத்தாளைத் தொடங்குவேன். ஐப்பசியிலிருந்து தை வரை இறங்கிய வேலைகளில் அண்ணைக்கு நினைவில் இருந்தவை எத்தனையோ அப்படியே போய்விட்டன. பலகையும் 8 அடி தேவையில்லை, 6 அடி போதும். இடம் இருந்தால் அட்டை சேரும். படிவங்களை முதலில் மூன்று கட்சிக்காரரிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டுத்தான் அச்சடிப்பேன். 'மூலப்பிரதி' என்று எழுதியதைப் போட்டோகொப்பி என்று விளங்கியவர் இருவர். இப்போது 'முதல் கொடுத்த பத்திரம், போட்டோகொப்பி இல்லை' என்று மாற்றியிருக்கிறோம்.

சரிவராமல் நிற்பதும் உண்டு. முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் தவணைக்குப் போகிற நாட்களில் நாலரைக் கூட்டம் நடக்காது. தொலைபேசியில் சொல்லி அட்டையை நகர்த்தச் சொன்னால் ஒன்றிரண்டு தவறிவிடுகிறது. 'வெளியில்' நிரலுக்கும் இன்னும் வழி கிடைக்கவில்லை. இப்போதைக்கு அட்டையின் பின்புறத்தில் ஒவ்வொரு தரம் போய்க் கேட்ட திகதியையும் எழுதுகிறோம். அதிகமாக ஏழு திகதி உள்ள அட்டை ஒன்று இருக்கிறது.

நேற்றுச் சனிக்கிழமை அண்ணை ஒரு புதுச் சங்கதியோடு வந்தார். பிரதேச செயலகம் ஒன்றில் அனுமதிப்பத்திரப் பிரதி கேட்கிற மேசை மாறியிருக்கிறது, இனிக் கிராம அலுவலரின் கடிதத்தையும் கூடக் கொண்டுபோக வேண்டும். பைலைத் திறந்து, தான் வைகாசியில் சொன்ன தாளை எடுத்து, பழைய வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டி, பக்கத்தில் தன் கையாலேயே புதியதை எழுதித் திகதி போட்டார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, "கட்சிக்காரருக்குக் குடுக்கிற படிவத்திலயும் உதை மாத்து. திங்கட்கிழமை பூநகரியால ஒரு ஆள் வருது" என்றார்.